டாக்டரா, வக்கீலா, யாருக்கு மதிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. ஒன்று அக்காவுடையது, அரசு மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவர். மற்றொன்று என்னுடையது, இருபது வருடமாக வக்கீல் தொழில். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். வாய் கேட்பது கல்லூரியைப் பற்றி. மனது கேட்பது ஊரார் மதிப்பைப் பற்றி. வருடா வருடம் அதே பதில்களைச் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார், யாருக்கு மதிப்பு அதிகம்?

டாக்டருக்கு. இன்றைய தமிழ்நாட்டில் இதில் வாதாட எதுவும் இல்லை, வக்கீலாகிய நான் சொல்கிறேன்.

போன ஆவணியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மாமா அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், "இது என் தங்கை மகள், டாக்டர்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிமுகம் செய்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "இது அவள் தம்பி" என்றதோடு சரி. சாப்பிட உட்கார்ந்தால், எதிர் இலைக்காரர் இலைக்கு மேலேயே கையை நீட்டி அக்காவிடம் தன் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் காட்டுகிறார். பத்து நிமிடம் கழித்து அதே மாமா என் தோளில் கை போட்டுக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், பொதுப்பாதைத் தகராறு ஒன்றைக் காதோடு காதாகச் சொன்னார். வியாதியை எல்லோர் முன்னாலும் காட்டலாம். வழக்கு இருப்பதை வெளியே சொல்ல முடியாது. இரண்டு தொழில்களுக்கும் உள்ள மதிப்பு வித்தியாசத்தில் பாதி அந்தக் கை கழுவும் இடத்தில் இருக்கிறது.

இரண்டு பேரும் படித்தவர்கள்தானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

மீதிப் பாதி, உள்ளே நுழைகிற வாசலில் இருக்கிறது. மருத்துவத்துக்கு இடங்கள் குறைவு, கேட்பவர்கள் ஏராளம். அக்கா படித்த காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு மாநில நுழைவுத் தேர்வும் இருந்தது. பிறகு நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டு மதிப்பெண் மட்டும் என்றானது. 2017 முதல் நீட். முறை எத்தனை தடவை மாறினாலும் ஒன்று மாறவில்லை: பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பிள்ளையின் பெயர் தரவரிசைப் பட்டியலில் வருகிறது, ஊரே அதைப் பார்க்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு, முதலாம் ஆண்டு வகுப்பில் கால் வைப்பதற்கு முன்பே கிராமத்து முக்கில் பிள்ளையின் படம் போட்ட பேனர் ஏறிவிடுகிறது.

சட்டப் படிப்புக்கு யாரும் பேனர் வைத்து நான் பார்த்ததில்லை. பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் படிக்கலாம், அல்லது ஏதோ ஒரு பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருடம் படிக்கலாம். தாசில்தாராக ஓய்வு பெற்றவர்கூட மூன்று வருடப் படிப்பில் சேர்ந்து, அறுபத்து மூன்று வயதில் கருப்பு கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை; அப்படி வந்த சிலர் வருவாய்த் துறை விவகாரங்களில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் என்கிற வாசலை ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

போதாததற்கு, வெளி மாநிலங்களில் வகுப்புப் பக்கமே போகாமல் பட்டம் வாங்கி வந்து இங்கே பதிவு செய்துகொள்கிறார்கள் என்ற புகார் பல காலமாக உண்டு. சென்னை உயர் நீதிமன்றமே இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. இப்போது தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். கறை போகக் கொஞ்ச காலம் ஆகும்.

அந்தக் காலத்தில் வக்கீலுக்குத்தான் மதிப்பு என்று எங்கள் தாத்தா சொல்கிறாரே?

தாத்தா சொல்வது சரி. சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் வந்தது. வெள்ளைக்காரனுக்கு எதிரே நின்று, அவனுடைய மொழியில், அவனுடைய சட்டத்தை வைத்தே அவனை மடக்கிப் பேசக்கூடிய ஒரே இந்தியன் வக்கீல்தான். 1877இல் முத்துசாமி ஐயர் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தபோது, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அடுத்த வருடம் திருவல்லிக்கேணியில் 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஆங்கிலம், அரசியல், பத்திரிகை, சட்டசபை எல்லாமே கருப்புக் கவுனைச் சுற்றி நடந்த காலம்.

பணத்துக்கும் குறைவில்லை. ஜமீன்கள் இருந்தன, வாரிசுச் சண்டைகள் இருந்தன. சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1863இல் தீர்ப்பானது. ஒரு ஜமீன் வழக்கு கிடைத்தால் வக்கீல் வீட்டில் இரண்டு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். எங்கள் பக்கத்தில் வ.உ.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா உலகநாதப் பிள்ளை வக்கீல், மகனும் வக்கீல். கப்பல் கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்று வ.உ.சி. சொன்னபோது வியாபாரிகள் நம்பிப் பங்கு வாங்கியதற்கு, நீதிமன்றத்தில் அவர் சம்பாதித்திருந்த பெயரும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்போது டாக்டருக்கு மதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. சென்னைப் பொது மருத்துவமனை வாசலில் சிலையாக நிற்கும் டாக்டர் ரங்காச்சாரி 1934இல் காலமானவர். அந்தச் சிலை ஊர் கொடுத்த மரியாதை. ஆனால் அவரைப் போன்றவர்கள் விதிவிலக்கு. பெனிசிலின் வருவதற்கு முந்திய டாக்டர், நிமோனியாக் காய்ச்சலுக்கு எதிரில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். பக்கத்துத் தெரு நாட்டு வைத்தியரும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்வார், குறைந்த செலவில்.

பிறகு எப்போது மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வக்கீல்களின் பெரிய கறவை மாடு செத்தது. அதே காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஊர் ஊராக வந்தன. செத்துவிடுவான் என்று பாயில் கிடத்திய பிள்ளை, நான்கு ஊசியில் எழுந்து விளையாடியதைப் பார்த்த தலைமுறை அது. அவர்கள் டாக்டரைக் கும்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. 1954இல் மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்து, பிறகு திருநெல்வேலி, கோவை என்று பரவியபோது, சென்னைக்குப் போகாமலே டாக்டராகலாம் என்ற ஆசை தென்மாவட்டத்து வீடுகளுக்குள் நுழைந்தது.

அரசியலும் வக்கீல்கள் கையை விட்டுப் போனது. ராஜாஜி சேலத்தில் வக்கீல்; சுப்பராயன், பிரகாசம், பக்தவத்சலம் எல்லோரும் சட்டம் படித்தவர்கள். 1967இல் பக்தவத்சலம் இறங்கிய பிறகு, அண்ணா முதல் ஸ்டாலின் வரை முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் வக்கீல் தொழில் செய்தவர் ஒருவரும் இல்லை. மேடையும் சினிமாவும் நீதிமன்றத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: மயிலாப்பூர் வக்கீல்களின் ஆதிக்கத்தை எதிர்த்து 1916இல் நீதிக்கட்சிக்கு அடித்தளம் போட்ட மூவரில் இருவர் டாக்டர்கள், டி.எம். நாயரும் நடேச முதலியாரும். மூன்றாமவர் தியாகராயச் செட்டியார். ஆக, டாக்டர்கள் வக்கீல்களோடு மோதியது நம் ஊருக்குப் புதிதல்ல.

நாங்கள் யாழ்ப்பாணம். எங்கள் ஊரில் அப்புக்காத்துக்கு இருந்த மதிப்பு டாக்டருக்கு இருந்ததா?

அட்வகேட் என்ற சொல் அங்கே அப்புக்காத்து, புரொக்டர் என்ற இன்னொரு வகை வக்கீல் பிறக்கிராசி. ஒரு சொல்லை ஊர் இவ்வளவு தூரம் தன் வாய்க்கு வளைத்துக்கொண்டது என்றால், அந்த ஆள் அந்த ஊர் வாழ்க்கையில் எவ்வளவு புழங்கியிருப்பார் என்று பாருங்கள். ஜி.ஜி. பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம் என்று ஈழத்தமிழர் அரசியலின் முன்வரிசை முழுக்க வழக்கறிஞர்கள். 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கியவர்களில் நாகநாதன் விதிவிலக்கு, அவர் மருத்துவர். தமிழ்நாட்டில் வக்கீல் அரசியல் 1967இல் முடிந்தது. அங்கே அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அதனால் அப்புக்காத்தின் மதிப்பும் நீடித்தது.

டாக்டர் மாப்பிள்ளை என்றால் உடனே சரி என்கிறார்கள், வக்கீல் என்றால் ஏன் இழுக்கிறார்கள்?

பெண்ணைப் பெற்றவர் முதலில் பார்ப்பது, முப்பது வயதில் மாதம் என்ன வரும் என்பதை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. முடித்த அன்றே ஏதாவது மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலை. சம்பளம் பெரிதாக இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் வரும். வக்கீல் ஜூனியராகச் சேரும்போது சீனியரிடம் சம்பளம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. நான் சேர்ந்தபோது என் சீனியர் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டையும், எப்போதாவது பஸ் செலவும் கொடுத்தார். அவர் நல்லவர். அவருடைய சீனியர் அவருக்கு அதுவும் கொடுக்கவில்லையாம்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. தாலுகா நீதிமன்றத்தில் பத்து வாய்தா வழக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீனியருக்கே மாதம் அவ்வளவு தேறுவதில்லை என்பது வேறு விஷயம். உத்தரவு நியாயமானது, நடைமுறையில் எவ்வளவு என்று நீங்கள் சேரப்போகும் சேம்பரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் மாப்பிள்ளைகள் பலர் டாக்டர் பெண்ணைத்தான் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமண விளம்பரங்களைப் படித்தாலே தெரியும். வரதட்சிணையாகச் சீர் கேட்டவர்கள், இப்போது எம்.டி. கேட்கிறார்கள்.

வக்கீல் என்றால் வீடு வாடகைக்குத் தர மாட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. சென்னையில் ஜூனியராக இருந்த இரண்டு வருடத்தில் நான் அனுபவித்தேன். மயிலாப்பூரில் ஒரு மாடி வீடு. வீட்டுக்கார அம்மாள் நன்றாகப் பேசினார், திருநெல்வேலி என்றதும் அல்வாவைப் பற்றி விசாரித்தார், காபியும் வந்தது. இரண்டாவது வாய் குடிக்கும்போது "என்ன வேலை தம்பி?" என்றார். சொன்னேன். "எங்கள் பையன் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் வருவான், அவனுக்கு வேண்டியிருக்கும்" என்றார். கையிலிருந்த டம்ளர் இன்னும் சூடாக இருந்தது. இதற்குப் பிறகு அதைக் குடித்து முடிப்பதா, வைத்துவிட்டு எழுவதா என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

காரணம் எளிது. வாடகை ஒப்பந்தத்தை எழுதுகிறவனுக்கே வீட்டைக் கொடுத்தால், காலி செய்யச் சொல்லும் நாளில் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்ற பயம். வங்கிகளும் இதே மாதிரிதான் தயங்குகின்றன. கடன் கேட்கப் போன வக்கீல்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். டாக்டருக்கோ கிளினிக் வைக்கத் தனித் திட்டம் போட்டு வங்கியே தேடி வருகிறது. வக்கீலுக்கு ஜனங்கள் கொடுக்கும் மரியாதையில் பயம் கலந்திருக்கிறது. பயப்படுகிறவர்கள் எழுந்து நிற்பார்கள், வீடு தர மாட்டார்கள்.

வக்கீல் என்றாலே பொய் சொல்கிறவர்தானே?

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜனங்கள் முதல் பாதியைக் கடைப்பிடிக்கிறார்கள். கட்சிக்காரர், அதாவது எங்களிடம் வழக்கைக் கொடுப்பவர், சொல்வதில் பாதி மறைப்பு. அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவது பொய்யாகத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டாக்டரின் எதிரி வியாதி. வியாதிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. என் எதிரில் நிற்பது இன்னொரு மனிதர், அவருக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் உண்டு. நான் ஒரு வழக்கில் ஜெயித்தால் ஒரு குடும்பம் கையெடுத்துக் கும்பிடும், இன்னொரு குடும்பம் மண்ணை வாரித் தூற்றும். தோற்றாலோ, "எதிர்க்கட்சிக்காரனிடம் விலைபோய்விட்டான்" என்பார்கள். டாக்டர் கைவிட்டதை விதி என்று ஏற்றுக்கொண்டவர்கள் நிறைய. வக்கீல் தோற்றதை விதி என்று ஏற்றுக்கொண்ட ஒரு கட்சிக்காரரை இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கைராசி டாக்டர் என்கிறார்களே, வக்கீலுக்கு ராசி கிடையாதா?

கையில் கிடையாது. எங்களுக்கு நீதிபதியிடம் செல்வாக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அக்காவுக்குக் கைராசி என்று பெயர். அவள் எழுதும் பாராசிட்டமால் மற்றவர்கள் எழுதும் பாராசிட்டமாலைவிடச் சீக்கிரம் காய்ச்சலை இறக்கும் என்று எங்கள் தெருவே நம்புகிறது. அக்கா நம்பவில்லை. ஆனால் மறுப்பதும் இல்லை.

வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இப்போது மதிப்பில்லை என்கிறார்களே?

"வெறும்" என்ற சொல் அந்தப் பட்டத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதே போதும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்பது ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி, இதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எண்ணிக்கை கூடக் கூட, பட்டத்தால் மட்டும் வரும் மதிப்பு இறங்கும். நோயாளி இப்போது பலகையில் இரண்டாவது வரியைத்தான் முதலில் படிக்கிறார்: எம்.டி.யா, எம்.எஸ்.ஸா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா?

ஆகவே டாக்டராக நினைக்கும் பிள்ளை, முதுநிலை முடிக்க முப்பது வயது ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வக்கீலுக்குத் தாமதமாகத்தான் வருமானம் வரும் என்று மேலே சொன்னேன்; டாக்டருக்கும் அந்தத் தாமதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

வக்கீல்களுக்குள்ளேயும் மேல், கீழ் உண்டா?

நிறைய. வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 16ஆவது பிரிவின்படி மூத்த வழக்கறிஞர் என்ற தகுதியை உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ கொடுக்கிறது. அது கிடைத்தவர் நேரடியாகக் கட்சிக்காரரிடம் வக்காலத்து வாங்கக்கூடாது. இன்னொரு வக்கீல் வழியாகத்தான் வழக்கு வர வேண்டும். கீழ்ப்படியில், பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே ஸ்டூல் போட்டு நோட்டரி முத்திரை வைக்கிறவர் இருக்கிறார். இரண்டு பேரும் போடுவது அதே கருப்பு கோட்டு.

சிவில், கிரிமினல் என்ற பிரிவும் உண்டு. கிரிமினல் வக்கீலை ஊர் முழுக்கத் தெரியும், பெண் கொடுக்க யோசிப்பார்கள். சிவில் வக்கீலைத் தெருவுக்குத்தான் தெரியும், பெண் கிடைத்துவிடும். அரசு வழக்கறிஞர் பதவிக்குத் தனிக் கவுரவம். ஆனால் ஆட்சி மாறினால் பெயர்ப்பலகையும் மாறும் என்பதால், ஊர் அதை ஐந்து வருடக் கவுரவமாகவே எடுத்துக்கொள்கிறது. அரசு டாக்டருக்கு அந்தக் கவலை இல்லை.

நீதிபதியாகிவிட்டால் டாக்டரை முந்திவிடலாமா?

முந்திவிடலாம். கீழ் நீதிமன்ற நீதிபதியான முன்சீப் ஊருக்குள் வந்தால் டாக்டர் உட்பட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கல்லூரி முடித்த கையோடு உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதலாம் என்று கொஞ்ச காலம் இருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், குறைந்தது மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நேரடியாக மாவட்ட நீதிபதியாக ஏழு வருட அனுபவமும், உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பத்து வருட அனுபவமும் வேண்டும்.

அதற்கு விலை உண்டு. நீதிபதி ஊரில் யாரோடும் ஒட்டி உறவாட முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் மாவட்ட நீதிபதியானதும், பழைய நண்பர்களின் வீட்டு விசேஷங்களுக்கு மொய்யை மட்டும் அனுப்பி வைப்பார். கைதட்டல் கேட்கும், பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைக்கு எது மரியாதையான தொழில்?

"மரியாதையான" என்று பெண் பிள்ளைக்கு மட்டும் சேர்த்துக் கேட்பதை முதலில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். இருந்தாலும் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் அங்கே பட்டம் பெற்றார்; 1927இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார்; 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். பெண்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளத் தடையில்லை என்று சொல்ல, 1923இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பின்தங்கிப் புறப்பட்ட வண்டி அது.

பெண்ணுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கிற சமூகம், பெண்ணுக்குப் பெண் வக்கீல் வேண்டும் என்று கேட்பதில்லை. விவாகரத்து வழக்கில் மட்டும் கேட்கும். எங்கள் நீதிமன்ற வளாகத்தில் பெண் ஜூனியர்கள் இப்போது பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சொந்தமாகச் சேம்பர் வைத்திருப்பார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறினால் டாக்டரின் பட்டம் கூடவே போகும். வக்கீல் சேர்த்து வைத்த கட்சிக்காரர்கள் கூட வர மாட்டார்கள்.

வண்டியில் டாக்டர், அட்வகேட் என்று ஒட்டிக்கொண்டால் போலீஸ் பிடிக்காதா?

அதற்காகத்தான் ஒட்டினார்கள். 2024 மே மாதம் முதல், சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை தனியார் வாகனங்களின் நம்பர் பிளேட்டில் இப்படி ஒட்டினால் அபராதம் என்று அறிவித்தது. டாக்டர்கள், அவசரத்துக்குப் போகும்போது தடுத்து நிறுத்தினால் உயிர் போகும் என்று வாதாடினார்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. ஜாமீன் மனு தாமதமானால் உயிர் போகாது, ஒரு ராத்திரி லாக்கப்பில் போகும்.

டாக்டருக்கு அவ்வளவு மதிப்பு என்றால் ஏன் அவர்களை அடிக்கிறார்கள்?

மருத்துவமனைகளில் நடக்கும் தாக்குதலைத் தடுக்க 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. தெய்வம் என்று நினைத்தவர் காப்பாற்றாதபோது வரும் கோபம் சாதாரணக் கோபமாக இருப்பதில்லை. அளவுக்கு மீறிய மதிப்பின் மறுபக்கம் அது. அக்காவின் வார்டில் ஒரு குழந்தை இறந்த இரவு, அதே குழந்தையின் தாத்தா முந்தின நாள் அவள் காலில் விழ வந்தவர், மேசைக் கண்ணாடியை உடைத்தார்.

2024 நவம்பரில் சென்னை கிண்டியில் ஓர் அரசு மருத்துவமனைக்குள் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். சரியாக ஒரு வாரம் கழித்து ஓசூரில் நீதிமன்ற வளாகத்துக்கு அருகே ஒரு வக்கீல் வெட்டப்பட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யாரும் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. மதிப்பு யாருக்கு அதிகம் என்று கேட்டு வந்த ஒரு பெற்றோரை அம்மா வாசலோடு அனுப்பிவிட்டாள்.

தவறு செய்தால் இருவரில் யாரைக் கேள்வி கேட்க முடியும்?

பணம் வாங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் வரமாட்டார் என்று 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. கட்சிக்காரர் வக்கீலைக் கட்டுப்படுத்துகிறார், ஆகவே இந்த உறவு வேறு வகை என்பது காரணங்களில் ஒன்று. அக்கா இதைப் படித்துவிட்டு, "தீர்ப்பு எழுதியவர்கள் முன்பு என்ன தொழில் செய்தார்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

வக்கீலைக் கேட்க வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமைப் பத்திரம், பறிபோவது எங்களுக்குப் பெரிய அவமானம். வ.உ.சி. ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றதால் சன்னதை இழந்தார். பல வருடம் கழித்து வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அதைத் திரும்பப் பெற்றுக் கொடுத்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கப்பல் ஓட்டியவருக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

இரண்டையும் படித்துவிட்டு இரண்டு தொழிலும் செய்தால்?

படிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. மும்பையில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், டாக்டர் தொழிலை விடாமலே வக்கீலாகவும் பதிவு செய்யக் கேட்டார். 1996இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டுமே முழு நேரம் கேட்கும் தொழில்கள் என்றது. மருத்துவம் படித்தவர் அதை நிறுத்திவிட்டுச் சட்டத்துக்கு வந்தால், மருத்துவ அலட்சிய வழக்குகளில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படி வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஜனங்கள் அவரை இன்னும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு அவரே சாட்சி.

உங்கள் வீட்டில் யாருடைய பலகை மேலே இருக்கிறது?

அக்காவுடையது. அவள் முதலில் படித்து முடித்தாள், அப்பா முதலில் அதை மாட்டினார். என்னுடையது சில வருடம் கழித்து வந்தது. வக்கீல் பலகை நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதி சொல்வதால், சிறியதாகவும் இருக்கிறது. அழைப்பு மணி என் பலகைக்கு நேர் கீழே.

ஆனால் மணியை அடிப்பவர்கள் எல்லோரும் அக்காவைத் தேடி வருபவர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லா வீட்டு நாயும் குரைக்கிற மாதிரி அடிப்பார்கள். என்னைத் தேடி வருபவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வருவார்கள், மணி அடிக்க மாட்டார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "சார், பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்" என்று போனில் மெதுவாகச் சொல்வார்கள். நான் வாசல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.